நாய் வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு

எங்கள் துறையில் இரண்டாண்டுகளுக்கு முன் வந்து சேர்ந்த இளம் நண்பர் ஒருவர், சென்ற மாதம் விடைத்தாள் திருத்தும் இடைவேளையில் என் மேசைக்கு எதிரே வந்து அமர்ந்தார். "சார், பாப்பா நாய்க்குட்டி வேணும்னு ஒரே அடம். நீங்க முன்னாடி வளத்திருக்கீங்கன்னு சொன்னாங்க. எந்தச் சாதி நாய் வாங்கலாம்?"

நாய் வாங்க நினைக்கும் எவரும் முதலில் கேட்பது இதைத்தான். சாதி நாய், தெரு நாய் என்று நாய்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கும் நம் வழக்கு நாய்களைவிட நம்மைப் பற்றியே அதிகம் சொல்கிறது. அது வேறு கட்டுரைக்கான பொருள். நான் பதில் சொல்லாமல் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஐந்து கட்டங்கள் போட்டேன். இவ்வாண்டு, மூன்றாண்டு கழித்து, ஆறாண்டு கழித்து, ஒன்பது, பன்னிரண்டு. ஒரு நாய் நல்ல உடல்நலத்தோடு இருந்தால் பத்து முதல் பதினான்கு ஆண்டுகள் வாழும். "ஒவ்வொரு கட்டத்திலும், காலை பதினொரு மணிக்கு வீட்டில் யார் இருப்பார்கள் என்று எழுதுங்கள். இனத்தை அப்புறம் பார்ப்போம்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே எழுதத் தொடங்கினார். மகளுக்கு இப்போது ஒன்பது வயது. மூன்றாம் கட்டத்தில் அவள் பத்தாம் வகுப்பு. காலையும் மாலையும் தனிப்பயிற்சி. நான்காம் கட்டத்தில் கல்லூரி, அநேகமாக வெளியூரில் விடுதி. ஐந்தாம் கட்டத்தில் எங்கிருப்பாள் என்று யாருக்குத் தெரியும்? நண்பர் எல்லாக் கட்டங்களிலும் கல்லூரியில் இருக்கிறார். எழுதி முடித்தபோது ஐந்து கட்டங்களிலும் நிலையாக இருந்தது ஒரே ஒரு பெயர், அவருடைய மனைவியின் பெயர். "அவங்ககிட்டக் கேட்டீங்களா?" என்றேன். "இன்னும் கேக்கல சார். பாப்பாவுக்காகத்தானே, ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றார்.

நாய் வளர்ப்பைப் பற்றி எனக்குச் சொல்வதற்கு இருப்பது அந்தத் தாளில் உள்ளது மட்டும்தான். குழந்தை கேட்கிறது, தகப்பன் வாங்குகிறான், வளர்ப்பது வேறொருவர். இதை நான் யாரையும் குற்றம் சொல்லும் தொனியில் சொல்லவில்லை. சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை. அதைச் சொல்வதற்கு முன் இனத்தைப் பற்றிய கேள்விக்கும் சுருக்கமாகவேனும் பதில் சொல்லிவிட வேண்டும். கேட்டவர் கேட்டுவிட்டார் அல்லவா?

2003ஆம் ஆண்டு வாக்கில் ஹட்ச் கைப்பேசி விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே ஒரு பக் நாய் ஓடியது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தச் சப்பை மூக்கு நாயைத் தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் பார்க்க முடிந்தது. நமக்கு வியர்ப்பதுபோல் நாய்க்கு உடலெங்கும் வியர்ப்பதில்லை. பாதங்களில் மட்டும் சிறிது வியர்க்கும். உடற்சூட்டைப் பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே தணித்துக்கொள்கிறது. மூக்கும் மூச்சுப்பாதையும் குறுகிப்போன இனத்துக்கு அந்த ஒரே வழியும் பாதி அடைபட்டது. அதைக் கொண்டுவந்து பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலில் வைத்தால் அது படும் பாட்டை நாம் செல்லக் குறட்டை என்று எண்ணி ரசிக்கிறோம். சைபீரியப் பனியில் வண்டி இழுத்த ஹஸ்கியையும் இந்த ஊரில் பார்த்திருக்கிறேன். அறைக்குள் குளிர்சாதனம், அறைக்கு வெளியே போகத் தடை. லாப்ரடார் கொஞ்சம் தாங்கும் என்பார்கள். ஆனால் எடை கூடி, இடுப்பு மூட்டு நோய் வந்து, வழுவழுப்பான டைல்ஸ் தரையில் பின்கால் வழுக்கி விழும் லாப்ரடாரை, மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடியிலிருந்து நாளுக்கு இரண்டுமுறை இறக்கி ஏற்றுவது யார்?

அப்படியானால் நம் நாட்டு இனங்களை வளர்க்கலாமே என்று கேட்கத் தோன்றும். ராஜபாளையம் 2005இல் அஞ்சல் தலையில் இடம்பெற்றது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகிய பெயர்களைச் சொன்னார். நம் பெயர்கள் ஒலிப்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் பெருமைக்காக வாங்கப்படும் நாயும், விளம்பரம் பார்த்து வாங்கப்படும் நாயும் போய்ச் சேரும் இடம் பல வேளைகளில் ஒன்றே. ராஜபாளையத்தின் தூய வெள்ளை நிறத்தை நாம் அவ்வளவு விரும்புகிறோம்; அந்த நிறத்தோடு பிறவிச் செவிடும் அந்த இனத்தில் கலந்து வருவதுண்டு என்பதை விற்பவர் சொல்வதில்லை. குட்டியின் தலைக்குப் பின்னால் கைதட்டிப் பார்க்க வேண்டும் என்று வாங்குபவருக்கும் தெரிவதில்லை. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடுவதற்கென்றே உருவான உடல்கள். கண்ணால் கண்டதைத் துரத்திப் பிடிக்கும் முயல்வேட்டை நாய்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அவற்றின் தொழில் சட்டப்படி இல்லாமற் போனது. ஆனால் கால்கள் அப்படியேதான் இருக்கின்றன. அந்தக் கால்களை ஆறடிச் சங்கிலியில் கட்டிப்போட்டு, "ரொம்பக் கோபக்கார நாய்" என்று விருந்தாளிகளிடம் அறிமுகம் செய்கிறோம்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அப்படி ஒரு நாயை நான் வளர்த்தேன்.

*

2010இல் நான் கோவில்பட்டியில் குடியிருந்தேன். முன்னும் பின்னும் இடம் விட்டுக் கட்டிய பழைய வாடகை வீடு, பின்புறம் ஒரு வேப்பமரம். மாணவர் ஒருவரின் தந்தை, சிப்பிப்பாறைக் கலப்பில் பிறந்த பெட்டைக் குட்டி ஒன்றைப் பனைநார்க் கூடையில் வைத்துக் கொண்டுவந்து தந்தார். தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர்களைச் சொல்லும்போது நாயின் குட்டிக்குக் 'குருளை' என்ற பெயரைத் தருகிறார். அந்தச் சொல்லை வகுப்பில் எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். உள்ளங்கையில் நடுங்கிக்கொண்டு இருந்தபோதுதான் சொல்லுக்குப் பொருள் விளங்கியது. நாற்பது நாள் குட்டி. குறைந்தது எட்டு வாரமாவது தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் இருந்திருக்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கடிக்கும்போது எவ்வளவு கடிக்கலாம் என்பதை ஒரு குட்டி கற்றுக்கொள்வது அந்த வாரங்களில்தான். எங்களிடம் வந்தபின் என் மனைவியின் புடவைத் தலைப்புகளில் அதைக் கற்றுக்கொண்டது.

செம்பழுப்பு நிறம். கரிசல் வழக்கப்படி 'செவலை' என்று பெயர் வைத்தோம். மகளுக்கு அப்போது ஆறு வயது. முதல் நான்கு இரவுகள் குட்டி அழுதது. நாளுக்கு நான்கு வேளை உணவு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே கொண்டுபோய் விடுதல். நான் கல்லூரிக்குப் போய்விடுவேன். காலை பதினொரு மணிக்கு வீட்டில் இருந்தவள் என் மனைவி. அவளுக்கு நாய் என்றால் பயம் என்பதை வாங்கிய பிறகே நான் அறிந்தேன். கேட்டிருந்தால் முன்பே அறிந்திருக்கலாம்.

செலவைப் பற்றி யாரும் சொல்வதில்லை, சொன்னாலும் சோற்றுச் செலவை மட்டும் சொல்வார்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோவுக்கும் டிஸ்டம்பருக்குமான தடுப்பூசி, மூன்று நான்கு வார இடைவெளியில் மறு ஊசிகள். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். குடற்புழு மருந்து. இவற்றில் எதைத் தள்ளிப் போட்டாலும் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது. வெறிநோய் அறிகுறி தோன்றிவிட்டால் மனிதரானாலும் விலங்கானாலும் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. வீட்டு நாய்தானே, குட்டிதானே என்று கடியையும் பிறாண்டலையும் அலட்சியம் செய்யாமல், ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். 2012இல் செவலைக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. நம் ஊர் வெப்பத்தில் உண்ணி ஆண்டு முழுவதும் உண்டு. மூன்று நாள் எதையும் தின்னாமல் மூக்கில் இரத்தம் கசிந்தபடி கிடந்தது. எங்கள் பக்கத்து மாட்டாஸ்பத்திரியில் கூட்டமெல்லாம் பசுவும் ஆடும்தான். அவற்றை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது, வரிசையில் அவற்றுக்கு முன்னுரிமை நியாயமே. நாய்களை மட்டும் பார்க்கும் மருத்துவரைத் தேடி வாடகை வண்டியில் திருநெல்வேலிக்குப் போனோம். ஊசிக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் வண்டிக்குமாக அந்த வாரம் மூவாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. பிழைத்தது. திரும்பி வந்த அன்று இரவு, நாய்க்குப் பயந்த என் மனைவி அதன் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தாள்.

அதற்குப் பின் அது அவளுடைய நாய். அவள் அடுக்களையில் இருந்தால் வாசற்படியில் கிடக்கும். துணி காயப்போடப் போனால் வேப்பமரம் வரை துணைக்குப் போகும். மகள் பள்ளி விட்டுவரும் ஆட்டோவின் சத்தம் மட்டும் அதற்குத் தனியாகத் தெரிந்திருந்தது. குரைப்பது குறைவு. விடியற்காலையில் ஊருக்கு வெளியே தரிசில் அவிழ்த்துவிட்டால், ஓடுகிறதா தரைக்கு மேலே மிதக்கிறதா என்று சொல்ல முடியாது. அதைப் பார்த்த ஒவ்வொரு நாளும் அன்றைய முதல் வகுப்பு நன்றாகப் போயிருக்கிறது.

2014 ஜூன் மாதம் கும்பகோணத்துக்கு இடமாறுதல் ஆணை வந்தது.

அங்கே ஒன்பது வீடுகள் பார்த்தேன். அசைவமா என்பது முதல் கேள்வி. நாய் உண்டா என்பதை அவர்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுவேன். அதோடு பேச்சு முடிந்துவிடும். குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு விலங்குகளைத் தடை செய்யக் கூடாது என்று விலங்குகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. சொந்த அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு அது உதவலாம். வீட்டையே தரமாட்டேன் என்பவரிடம் எந்தச் சுற்றறிக்கையைக் காட்டுவது? கல்லூரி திறக்கும் நாள் நெருங்கியது. பத்தாவது வீட்டைத் தேடியிருக்கலாம். பத்துக் கிலோமீட்டர் தள்ளி ஒரு சிற்றூரில் குடியிருந்துகொண்டு பேருந்தில் போய்வந்திருக்கலாம். இவையெல்லாம் இப்போது தோன்றுகின்றன. அப்போது ஒன்பதாவது வீட்டின் மாடிக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

எட்டயபுரம் சாலையில் தோட்டம் வைத்திருந்த தெரிந்த விவசாயி ஒருவர் செவலையை வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். நல்ல மனிதர். "நாய்தான சார், ரெண்டு நாள்ல பழகிரும். நீங்க ஒண்ணும் விசாரப்படாதீங்க" என்றார். கிணறு, பம்ப்செட் அறை, ஓடுவதற்கு வேண்டிய மட்டும் காடு. மாடி வீட்டைவிட அதற்கு இதுவே நல்லது என்று மகளிடம் சொன்னேன். பத்து வயதுப் பெண் அதை நம்பவில்லை; ஆனால் எதிர்த்தும் பேசவில்லை.

ஆவணியில் போய்ப் பார்த்தோம். கிணற்றடியிலிருந்து ஓடிவந்து என் மனைவியின் காலடியில் விழுந்து அழுதது. நாய் அழும் என்று சொன்னால் சிலர் நம்பமாட்டார்கள், அவர்களோடு வாதிட நான் தயாராக இல்லை. பொங்கலுக்கு மறுபடி போனோம். இளைத்திருந்தது. இந்த முறை ஓடிவரவில்லை. நாங்கள் வந்த ஆட்டோவின் அருகே போய், பின்சக்கரத்தை ஒட்டி உட்கார்ந்துகொண்டது. கிளம்பும்போது அவர் அதைப் பிடித்துக் கட்ட வேண்டியிருந்தது.

அடுத்து 2015 சித்திரையில் போனபோது செவலை இல்லை. மாசி மாதமே கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார். உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன் என்றார். எங்கள் பழைய தெருவுக்குப் போய் விசாரித்தோம். எதிர்வீட்டு அம்மாள் சொன்னது இதுதான்: மாசியில் ஒரு நாய் வந்து எங்கள் வாசற்படியில் நாலைந்து நாள் கிடந்தது; புதிதாகக் குடிவந்தவர்கள் குழந்தை இருக்கிற வீடு என்று விரட்டிவிட்டார்கள்; பிறகு எங்கே போயிற்று என்று தெரியாது. தோட்டத்திலிருந்து அந்தத் தெரு ஏறக்குறைய பதினொரு கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தையும் அது எப்படிக் கண்டுபிடித்து வந்தது என்று அந்த அம்மாள் வியந்துகொண்டிருந்தார்.

விரட்டியவர்களின் மேல் எனக்குக் கோபம் இல்லை. தெரியாத நாய், உள்ளே சின்னக் குழந்தை. நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

*

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தைப் பின்னாளில் ஒருமுறை எடுத்துப் படித்தேன். பதினொன்றாம் பிரிவில், பசியாலும் தாகத்தாலும் வருந்த நேரும் நிலையில் தகுந்த காரணமின்றி ஒரு விலங்கைக் கைவிடுவது குற்றம் என்று இருக்கிறது. வழக்கமாகக் கட்டிப்போட்டோ அடைத்தோ வைக்கும் நாயை நியாயமான அளவுக்கு நடக்கவிடாமல் இருப்பதும் அதே பிரிவில் குற்றம். அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சட்டம் நாயின் காலைநடையைப் பற்றி யோசித்திருக்கிறது. முதன்முறை குற்றத்துக்குத் தண்டம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை. அந்தத் தொகை இன்னும் மாறவில்லை. என் கணக்கு, சட்டப்படி, அதிகம் போனால் ஐம்பது ரூபாய்.

நம் இலக்கியம் இந்தக் கணக்கை வேறுவிதமாகப் போட்டு வைத்திருக்கிறது. நாலடியாரில் நட்பாராய்தல் அதிகாரத்தில், யானையையும் நாயையும் ஒப்பிடும் பாட்டு ஒன்று உண்டு. நெடுநாள் பழகிய பாகனையே யானை கொல்லும். நாயோ, எறிந்த வேல் உடம்பில் நிற்கும்போதே எறிந்தவனைப் பார்த்து வாலைக் குழைக்கும். ஆகவே நாய் போன்றவரிடம் நட்புக் கொள்க என்பது கருத்து. அதைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். நாயின் நன்றி என்று சொல்லிக் கடந்துவிடுவேன். தேர்வில் மாணவர்களும் அதையே எழுதுவார்கள். 2015இல் கும்பகோணத்தில் அந்தப் பாட்டு வந்தபோது, வேலை எறிந்தவன் யார், ஏன் எறிந்தான் என்று பாட்டில் ஒரு சொல்கூட இல்லை என்பதை முதன்முறையாகக் கவனித்தேன். அவனைப் பற்றி உரையாசிரியர்களும் கேட்கவில்லை, நானும் அதுவரை கேட்டதில்லை. நாயின் குணத்தைப் பாடியவர்களுக்கு நாய்க்குரியவனின் குணம் பாடுபொருளாகத் தோன்றவில்லை. பாரதக் கதையில் தருமன் மட்டும், நாயை விட்டுவிட்டுத்தான் வரவேண்டும் என்றால் எனக்குச் சொர்க்கமே வேண்டாம் என்று நிற்கிறான். அவனுக்கு எதிரே நின்றது இந்திரனின் தேர். எனக்கு ஓர் இடமாறுதல் ஆணை போதுமானதாக இருந்தது.

நான் சொல்வது நாய் வளர்க்காதீர்கள் என்பதல்ல. வாங்கும் நாளில் எல்லோரும் நல்லவர்கள்தாம். அரசுப் பணியில் இருப்பவருக்கு மாறுதல் உண்டு, வாடகை வீட்டில் இருப்பவருக்கு வீடு மாறுதல் உண்டு, வீட்டில் முதியோர் இருந்தால் நோயும் மருத்துவமனையும் உண்டு. இவை எதிர்பாராத இடர்கள் அல்ல, பன்னிரண்டு ஆண்டுகளில் நிச்சயம் வருபவை. இவை வந்தால் நாய் எங்கே இருக்கும் என்ற கேள்விக்கு ஒரு மனிதரின் பெயரைப் பதிலாகச் சொல்ல முடிய வேண்டும். 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்பது பெயர் இல்லை. பெட்டைக் குட்டி வேண்டாம் என்று சொல்பவர்களையும் நிறையப் பார்க்கிறேன். ஒரு கருத்தடை அறுவையோடு முடிகிற காரியம் அது. அதைச் செய்யச் சோம்பி நாம் சந்தை மூலையிலும் குப்பைத்தொட்டி அருகிலும் கொண்டுவிடும் பெட்டைக் குட்டிகள்தாம் தெருவில் ஈன்று பெருகுகின்றன. பிறகு தெருநாய்த் தொல்லை என்று நாமே மனு எழுதுகிறோம். 2025இல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன விவகாரத்தின் ஒரு நுனி நம் வீட்டு வாசலில்தான் தொடங்குகிறது. அதே ஆண்டு சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியது. தோலுக்கடியில் உரியவரின் பெயர் இருந்தால் தெருவில் விடுவதற்குக் கொஞ்சமாவது கை நடுங்கும் என்று நம்புகிறேன்.

நண்பரின் கதைக்கு வருகிறேன். நான்கு நாள் கழித்து அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். மனைவியிடம் கேட்டிருக்கிறார். அவர் மறுக்கவில்லையாம். பக்கவாதத்தில் படுத்திருக்கும் மாமனாருக்குக் காலை எட்டு மணியிலிருந்து தான் செய்யும் வேலைகளை வரிசையாகச் சொல்லி, "இதுல எந்த நேரத்துல நாயக் கூட்டிட்டுப் போகணும்னு நீங்களே சொல்லுங்க" என்று மட்டும் கேட்டாராம். நண்பருக்கு அந்த வேலைகளில் பாதி அதுவரை தெரியாது.

குட்டி வாங்கும் எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். அவர்கள் தெருவில் ஒரு காது மடிந்த கருப்பு நாய் ஒன்று உண்டு. பாப்பா மாலையில் அதற்குச் சோறு வைக்கிறாள். சென்ற ஞாயிற்றுக்கிழமை நண்பர் அதை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தடுப்பூசி போட்டு வந்தார். ஆட்டோவில் ஏற மறுத்ததால் ஒன்றரைக் கிலோமீட்டரும் நடந்தே போனார்களாம். போகும் வழியெல்லாம் மற்ற நாய்கள் குரைத்ததையும், ஊசி போடும்போது அது பாப்பாவின் கையை நக்கிக்கொண்டே இருந்ததையும் சொல்லிவிட்டு, "ஏப்ரல்ல அறுவை சிகிச்சை பண்ணலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார் சார், பெட்டைதான்" என்றார்.